சமையல்காரன் திரும்பிப் பார்க்கவில்லை

ஃப்ரீசர் பெட்டியின் ஒயரைச் செருக வேறு வழியில்லாமல் டிவியின் பிளக்கைப் பிடுங்கினார்கள். முன்னறையில் இருந்ததே ஒரு பிளக் பாயிண்ட்தான். கப்பல் கப்பலாக ஏறி உலகத்தின் பாதித் துறைமுகங்களைப் பார்த்த எலக்ட்ரீஷியன் செல்வின், சொந்த வீட்டு முன்னறைக்கு இன்னொரு பாயிண்ட் வைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒவ்வொரு லீவிலும் "அடுத்த லீவுல வச்சுருதேன்" என்பான். கிட்னி பழுதாகி நிரந்தரமாகக் கரைக்கு வந்த பிறகு, "நாளைக்கு வச்சுருதேன்" என்று மாற்றிக்கொண்டான். அந்த மட்டுக்கும் முன்னேற்றம்தான்.

விஜிலா பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவள் புருசன் கண்ணாடி மூடிக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் கிடந்தான். பெட்டி கொண்டுவந்த ஆள் சுவிட்சைத் தட்டியதும் மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. "கரண்ட் போனா உடனே போன் பண்ணுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

"அதக் கீழ போடுங்க மதினி" என்றாள் ஆனி. செல்வினின் தங்கை. பாளையங்கோட்டையில் வாக்கப்பட்டவள், வந்து இறங்கிய நிமிஷமே வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். நாற்காலிகளுக்குச் சொன்னாள், கடுங்காப்பிக்குச் சொன்னாள், பூவுக்குச் சொன்னாள். இப்போது பீரோவிலிருந்து ஒரு போர்வையை எடுத்துவந்து டிவியை முழுதாக மூடினாள். "நாப்பது நாளைக்கு இந்தச் சனியனைத் தொறக்கக் கூடாது. சாவு வீட்டுல டிவி சத்தம் கேட்டுச்சுன்னா தெருவே காறித் துப்பும்."

விஜிலா பிளக்கைக் கீழே வைத்தாள். அந்தச் சனியன் காலையில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவன் போனான் என்று எப்படிச் சொல்வது.

பெட்டியின் தலைமாட்டில் அவள் மாமியார் மரியசெல்வி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. கண்ணாடியின் மேல் கை வைத்திருந்தவள் மெல்லத் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள்.

"ஏளா விஜிலா. காதுல சொன்னியா?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லாம இருப்பாளாம்மா? நீ சும்மா இரி" என்றாள் ஆனி. இன்னொரு பெண் மூக்கைச் சிந்தி, ஒப்பாரியை விட்ட இடத்தில் பிடித்தாள். மரியசெல்வி மட்டும் மருமகளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

இந்தக் கத்தோலிக்கக் கடற்கரையில் சாகக் கிடக்கிறவரைத் தனியே விடுவதில்லை. மூச்சு மாறுகிற நேரம் பார்த்து, மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றி, காதருகே குனிந்து "சேசு மரி சூசை" என்று மூன்று திருப்பெயரையும் சொல்ல வேண்டும். கடைசியாகக் காதில் விழும் சத்தம் அதுவாக இருக்க வேண்டும். சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போவது கோயில் காரியம். இது வீட்டு ஆட்களின் காரியம், இதை வேறு யாரும் செய்ய முடியாது. மூச்சு நின்ற பிறகு சொல்லியும் பிரயோசனமில்லை.

மரியசெல்வியின் புருசன் சங்கு குளிக்கப் போய்க் கடலுக்குள்ளேயே மூச்சை விட்டவர். அங்கே யார் போய் அவர் காதில் சொல்வது? அத்தனை வருடமாக மரியசெல்வி அவருக்காகப் பூசை வைப்பதெல்லாம் அந்த மூன்று வார்த்தைக்கு ஈடு கட்டத்தான். மகன் கப்பலில் இருந்தவரை, அவன் மூழ்கிவிடுவானோ என்பதைவிட, மூழ்கினால் பக்கத்தில் சொல்ல ஆள் இருக்காதே என்றுதான் அதிகம் பயந்தாள். இனி டயாலிசிஸ் தாங்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னபோது அவள் அழுத அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது. வீட்டுக் கட்டிலில், பெண்டாட்டி பக்கத்தில் இருக்க, மகன் நல்லபடியாகப் போவான். அந்த நிம்மதி விஜிலாவுக்குத் தெரியும். அதனால்தான் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அதைச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

அன்று காலையில் மரியசெல்வி பூசைக்குக் கிளம்பும்போது ஜன்னல் திட்டில் மெழுகுதிரியையும் தீப்பெட்டியையும் எடுத்துவைத்தாள். "மூச்சு மாறுன மாதிரி தெரிஞ்சா கொளுத்திரு. காதுல சொல்லிரு. நான் பூசையில நன்மை வாங்குன கையோட ஓடியாந்திருதேன்" என்றாள். அவள் தெருமுனை தாண்டியதும் செல்வின் தலையணையில் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தான்.

"விஜி, அதப் போடு."

எதை என்று கேட்க வேண்டியதில்லை. 'ஃபார் ஆங்கரேஜ்' என்று ஒரு பழைய ஆங்கிலத் தொடர். விண்வெளியில் சரக்கு ஏற்றிப்போகும் ஒரு ஓட்டைக் கப்பலின் கதை. செல்வின் கப்பலில் சேர்ந்த புதிதில் யாரோ ஒரு பிலிப்பைன்ஸ்காரன் கொடுத்த ஹார்ட் டிஸ்கில் அது மொத்தமாக இருந்தது. அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் ஜெபப் புத்தகம். கல்யாணமான புதிதில் புதுப்பெண்ணுக்கு அவன் ஆசையாகப் போட்டுக் காட்டியதும் அதைத்தான். ஆலந்தலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், இந்த மனுசன் என்ன இப்படி என்று திகைத்துப் போனாள்.

அதில் ஒரு எபிசோட் தனியாக நிற்கும். முன்கதை, பின்கதை எதோடும் ஒட்டாது. சண்டை இல்லை, வெடி இல்லை, ஒரே அறை, இரண்டே ஆட்கள். கப்பலில் இருந்த எல்லோரும் ஒரு கிரகத்தில் இறங்கிவிட, சமையல்காரன் மட்டும் மிஞ்சுகிறான். கூடவே சாகக் கிடக்கும் ஒரு கிழப் பயணி. வேற்றுக் கிரகத்து ஆள். அந்த ஆளின் சனங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சாகிறவனின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது; தனியே விடவும் கூடாது. அதனால் சமையல்காரன் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டே இருக்கிறான். ஊர்க்கதை பேசுகிறான், கப்பல் கதை பேசுகிறான். பேச ஒன்றும் இல்லாமல் போனதும் சூப்பு வைப்பது எப்படி என்று ஆரம்பிக்கிறான். அதற்கு நடுவில் எங்கோ அந்த ஆள் செத்துப்போகிறான். சமையல்காரன் திரும்புவதில்லை. மற்றவர்கள் வந்து கதவைத் திறக்கும்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். அதோடு முடிந்தது.

உலகம் முழுக்க இந்தத் தொடருக்கு இருக்கிற பைத்தியங்கள் எப்போது ஓட்டுப் போட்டாலும் 'சமையல்காரன் எபிசோட்'தான் முதலில் வரும். பாவம், ஆள் செத்தது தெரியாமல், கொடுத்த வாக்குக்காக ஒரு பிணத்தோடு பேசிக்கொண்டிருக்கிறானே என்று அழுவார்கள். செல்வினும் அழுவான். "பாத்தியா? அந்தச் சட்டம் இவனுக்கு வெளங்கல. ஆனாலும் மதிச்சான் பாத்தியா?" என்பான். விஜிலாவுக்கு முதல் தடவையே பிடிக்கவில்லை. "ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன கொறஞ்சா போவான்? மூஞ்சிய மூஞ்சி பாக்காம என்ன பேச்சு?" என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்து மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அவர்கள் போட்ட முதல் சண்டை அதுதான். அடுத்த வாரம் அவன் கப்பலேறினான். அப்புறம் வருடங்கள் எல்லாம் போனில்தான் போயின. பிள்ளையும் இல்லை.

நோயில் விழுந்து கரைக்கு வந்த பிறகுதான் அவன் அவளுக்கு முழுசாகக் கிடைத்தான். வாரத்தில் சில நாள் டயாலிசிஸ், மீதி நாள் கட்டிலும் டிவியும். அவன் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்ல, அவள் கட்டிலில் சாய்ந்து கீழே உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டே பார்த்தாள். சாகுபுரத்தில் வளன் என்று ஒருவன் இருந்தான். அவனும் இதே பைத்தியம். இரண்டு பேரும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் யூடியூபில், முகம் காட்டாமல் குரல் மட்டுமாக, ஒவ்வொரு எபிசோடாகப் பேசினார்கள். ஒரு பஸ் தூரம். ஆனால் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

"எத்தன தடவங்க பாப்பிய?" என்று அன்று காலையும் அவள் கேட்டாள்.

"இன்னைக்கு முடிவு பண்ணிரணும் விஜி. வளன்ட்ட சொல்லிட்டேன், சமையக்காரன் எபிசோட பத்தி மறுபடி பேசணும்னு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினான். "நாமெல்லாம் ஏமாந்துட்டோம்னு தோணுது. அவன் என்ன சட்டத்த மதிச்சான்? அவனுக்குப் பயம். சாவப் பாக்கப் பயம். சட்டம் நல்ல சாக்காப் போச்சு. இத்தன வருசம் ஒரு பயந்தாங்கொள்ளியப் பாத்துட்டு அழுதிருக்கோம்."

"ஏன் திடீர்னு இப்படிச் சொல்லுதிய?"

"நானும் அப்படித்தானளா இருந்திருக்கேன். உங்களுக்கெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டே போன்ல பேசிட்டு இருந்திருக்கேன்."

"போதும். பேசாதீய. மூச்சு வாங்குது."

"நீ அவன் மூஞ்சிய மட்டும் பாரு. நான் பாத்துப் பாத்து எனக்கு ஒண்ணும் தெரியல. அவன் பயந்தவனா, இல்லையா? முடிஞ்ச பொறவு சொல்லு."

அவள் வழக்கம்போலக் கட்டிலில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தாள். அவன் கை அவள் தோளில் கிடந்தது. அவன் சொன்னபடியே சமையல்காரனின் முகத்தையே பார்த்தாள். குண்டு முகம், சரியாகச் சவரம் செய்யாத தாடை. பேசப் பேச அவ்வப்போது வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி இடுப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொள்கிறான். சூப்பு வைக்கிற இடம் வந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு மூச்சு நீளமாக இழுத்தது. அடுத்தது வர நேரமானது. வந்தது. அதற்கடுத்தது வரவில்லை.

அவளுக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. மெழுகுதிரி ஜன்னல் திட்டில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கழுத்து திரும்பவில்லை. சமையல்காரன் பேசி முடித்து, கதவு திறந்து, பெயர்கள் எல்லாம் ஓடி, பாட்டும் நின்று, திரை கறுப்பாகும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அடக்கம். துக்க மணி அடித்து, சாமியார் வந்து மந்திரித்து, சவப்பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் மரியசெல்வி மருமகளிடம் இன்னும் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். ஒரு தரம் விஜிலா அழுகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகை உண்மைதான், ஆனால் புதைத்தது தப்பிக்கத்தான். இன்னொரு தரம் ஆலந்தலையிலிருந்து வந்த சித்தி குறுக்கே விழுந்து, "அவளே செத்துப் பொழச்சுக் கெடக்கா, அவளப் போயிக் கேட்டுக்கிட்டு" என்று சத்தம் போட்டாள். மரியசெல்வி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது விஜிலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கூட்டம் கலைந்து வேனை நோக்கிப் போனபோது, உடைமரத்து நிழலில் தனியாக ஒருவன் நிற்பதை விஜிலா பார்த்தாள். கம்பெனி யூனிபார்ம் சட்டை. கையில் ஒரு மாலை. போட வேண்டிய நேரத்தில் முன்னே வரக் கூச்சப்பட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"அக்கா, நான் வளன். சாகுபுரத்துலேர்ந்து வாரேன்."

குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு ஆளைத் தெரிந்தது. சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒலித்த குரல். இவ்வளவு சின்ன உடம்புக்குள் இருந்தா அந்தக் குரல் வந்தது என்று தோன்றியது.

"வா தம்பி. போடு, மாலையப் போடு."

அவன் போய் ஈர மண்ணின் மேல் மாலையை வைத்துவிட்டு வந்தான். "அண்ணன இன்னைக்குத்தான்க்கா நேர்ல பாக்கேன். இப்படிப் பாப்பேன்னு நெனக்கல" என்றான். பிறகு, "குரூப்புல எல்லாரும் கேக்காவ. மலேசியா, கனடா, எங்கெங்கயோ இருந்து கேக்காவ. அண்ணன் கடைசியா அந்த எபிசோட் பாத்தாவளாக்கா?"

"பாத்தாவ."

"முடிவு என்ன சொன்னாவ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. கடைசி வார்த்தை கேட்டு மாமியார் ஒரு பக்கம் நிற்கிறாள். இவன் கனடாக்காரர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்கிறான். அவளிடம் இரண்டுமே இல்லை.

"ஒண்ணும் சொல்லல தம்பி. அதுக்குள்ள போயிட்டாவ."

வளன் தலை குனிந்துகொண்டான். செருப்பு நுனியால் மணலைக் கிளறினான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. சொல்ல ஆள் கிடைக்காமல் நேற்றிலிருந்து தொண்டையில் நின்றுகொண்டிருந்தது வெளியே வந்தது.

"அவனுக்குத் தெரியும்."

"யாருக்குக்கா?"

"சமையக்காரனுக்கு. நீங்க எல்லாரும் அவனுக்குத் தெரியாதுன்னுதான சொல்லுதிய? தெரியும். பின்னால மூச்சு நின்னா கேக்காம இருக்காது. அத மாதிரி சத்தம் வேற கெடையாது. மரியாதையும் இல்ல, பயமும் இல்ல. திரும்பிப் பாத்தா அந்த ஆளு செத்துருவான். திரும்பாத வரைக்கும் அங்கனதான இருப்பான். அதான் சூப்பு வச்சுக்கிட்டே இருந்தான்."

வளன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. "இத நான் சனிக்கிழம சொல்லட்டுமாக்கா? அண்ணன் சொன்னாவன்னு?"

"அவுக சொல்லல. விஜிலா சொன்னான்னு சொல்லு."

வேனில் ஏறச் சொல்லி ஆனி கத்தினாள். வளன் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

வீட்டில் கூட்டம் வடிந்துவிட்டது. ஆலந்தலைக்காரர்கள் மறுநாள் கடலுக்குப் போக வேண்டும் என்று வேனைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஃப்ரீசர் பெட்டியை எடுத்துப்போயிருந்தார்கள். முன்னறை தேவைக்கு அதிகமாகப் பெரிதாகத் தெரிந்தது. தலைவலி என்று ஆனி உள்ளறையில் படுத்துவிட்டாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விஜிலா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். இத்தனை நாளும் கட்டிலுக்குக் கீழேதான் அவள் இடம். இப்போது அங்கே உட்கார்ந்தால் தோளில் கை போட ஆள் இல்லை.

மரியசெல்வி மடியில் எதையோ வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகுதிரி.

"திரி வெள்ளையா இருக்கு" என்றாள். "கொளுத்தவே இல்ல. நேத்தே பாத்தேன். எல்லார் முன்னாடியும் கேக்க மனசு வரல."

விஜிலா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, நான் சொல்லல."

"தூங்கிட்டியா?"

"இல்ல. முழிச்சுத்தான் இருந்தேன். மூச்சு நின்னது கேட்டுச்சு. டிவி பாத்துட்டு இருந்தோம். அவுக போடச் சொன்னாவ. திரும்ப முடியல மாமி. திரும்புனா போயிருவாவன்னு இருந்துச்சு. படம் முடியுத வரைக்கும் அப்படியே இருந்துட்டேன்."

மரியசெல்வி மெழுகுதிரியை இறுக்கிப் பிடித்தாள். "மூணு வார்த்தளா" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "உனக்கு நான் என்ன கொற வச்சேன்? மூணே வார்த்த. அவரத்தான் கடல்ல விட்டேன், இவன வீட்டுக்குள்ள வச்சே விட்டுட்டியே. டிவியாளா பாத்த? எம்பிள்ள அங்க சாவுதான், நீ டிவியாளா பாத்த?"

விஜிலா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் இருந்தது. அடி விழவில்லை. மரியசெல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். வெகுநேரம் அழுதாள். தெருவில் யாரோ மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அது என்ன படம்?"

"இங்கிலீசுப் படம் மாமி. உங்களுக்குப் புரியாது."

"எம்பிள்ள காதுல கடைசியா என்ன விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். போடு."

"ஆனி வைவா. தெருவுல எல்லாரும்..."

"போடுளா."

விஜிலா எழுந்து போர்வையை எடுத்தாள், பிளக்கை மறுபடி செருகினாள். சத்தத்தைக் குறைத்து வைத்துப் போட்டாள். மரியசெல்வி நாற்காலியை இழுத்து, திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். விஜிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செல்வின் தனக்குச் சொன்னதுபோலவே ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது கப்பல். வானத்தில் போகிற கப்பல். இவன் சமையல்காரன். அந்தக் கட்டிலில் கிடக்கிறவன் வேறு சாதிச் சனம்.

"வேதக்காரனா? ஞானஸ்நானம் வாங்குனவனா?"

"இல்ல மாமி. நம்ம பூமியே இல்ல."

"சாவப் போறானா?"

"ஆமா."

"இவன் ஏன் அங்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்கான்?"

"அவுக சனத்துல அப்படி ஒரு சட்டம். சாவுதவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. தனியா விடவும் கூடாது."

மரியசெல்வி இதை யோசித்தாள். அபத்தம் என்று அவள் சொல்லவில்லை. சாவுக்கு ஒவ்வொரு சனத்திடமும் ஒவ்வொரு முறை இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். "பாவம், சொந்தக்காரன் ஒருத்தன்கூட இல்லையே" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. ஆனி கலைந்த தலையோடு நின்றாள். "என்னம்மா இது? டிவியா? இன்னும் மண்ணு காயல..."

"நீ போயிப் படு" என்றாள் மரியசெல்வி, திரும்பாமல். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்று மகளுக்குத் தெரியும். கதவு மறுபடி மூடியது.

சமையல்காரன் பேசிக்கொண்டே இருந்தான். கட்டிலில் கிடந்தவன் அவ்வப்போது ஒரு வார்த்தை சொன்னான். அப்புறம் முனகினான். மரியசெல்வி இப்போது சமையல்காரனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த எடத்துல நின்னுச்சு?"

"வரும் மாமி. சொல்லுதேன்."

சமையல்காரனுக்குப் பேச விஷயம் தீர்ந்துபோனது. கையைப் பிசைந்தான். இடுப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டான். சூப்பு என்று ஆரம்பித்தான். விஜிலாவுக்குத் தோள் குளிர்ந்தது. மாமியாரின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இங்கனதான்."

மரியசெல்வி சட்டென்று எழுந்தாள். முழங்கால் வலிக்காரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. டிவியின் பக்கவாட்டில், சத்தம் வருகிற ஓட்டைகளுக்கு நேராகக் குனிந்தாள். ஒரு கையால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைக் கிட்டக் கொண்டுபோய், தூங்குகிற பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி சொன்னாள்.

"சேசு மரி சூசை. சேசு மரி சூசை. சேசு மரி சூசை."

அப்படியே கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். சமையல்காரன் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தான். அப்புறம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சாய்ந்த நாற்காலியைத் தானே நிமிர்த்தி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். விஜிலா ரிமோட்டை எடுத்தாள்.

"நிறுத்தாத" என்றாள் மரியசெல்வி. "அவன் இன்னும் பேசுதாம்லா. என்ன சொல்லுதான்?"

விஜிலா ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"வெங்காயத்த நல்லா வதக்கணுமாம் மாமி. பச்ச வாட போற வரைக்கும்."

"எண்ண எவ்வளவு ஊத்துனானாம்?"

"அது சொல்லல."

"கேளு. சொல்லுவான்" என்றாள் மரியசெல்வி.